குடியிருப்பு இல்லாத இடம்

நர்சிங் ஹோமின் பின்பக்கம், எரிப்பதற்கென்று வைத்திருந்த இரும்பு டிரம்முக்கும் மதில்சுவருக்கும் நடுவே பூமயில் குனிந்து மஞ்சள் பையின் வாயை முறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது பொன்னுச்சாமி வந்து நின்றார். தோள்துண்டால் மூக்கைப் பொத்தியிருந்தார். அவருக்கு இரண்டடி பின்னால் மருதுபாண்டி வாத்தியார் கையில் ஒரு பைலோடு எங்கே கால் வைப்பது என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூமயில் சட்டென்று நிமிர்ந்து, கையுறை போட்ட கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். தன்னையறியாமல் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது. கல்யாணமான பிறகு சேந்தனேரியில் பொன்னுச்சாமியின் மிளகாய்த் தோட்டத்தில் ஏழெட்டு வருசம் பழம் எடுத்திருக்கிறாள். அப்போதெல்லாம் அவர் வரப்பில் நின்று, "அந்தப் பச்சைச் சேலை", "அந்த நெட்டச்சி" என்றுதான் கூப்பிடுவார். இப்போது முதுகுளத்தூர் வரைக்கும் பஸ் ஏறி அவளைத் தேடி வந்திருக்கிறார்.

"நீதான பூமயிலு? கீழக்காட்டுக் கூத்தையா பொண்டாட்டி?"

"ஆமாங்கய்யா."

"இந்தப் பையில எல்லாம் என்னத்தா இருக்கும்?"

அவருடைய சொந்தக்காரர் யாரோ இங்கே ஆபரேஷன் செய்துகொண்டு, மோதிரமோ தோடோ தவறிப்போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்து, அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ரத்தம் துடைத்த பஞ்சு. கட்டுத் துணி. ஊசி. குளுக்கோஸ் டியூப். பிரசவம் ஆனால் நஞ்சுக்கொடி. சில நாள் வேறு சிலதும் இருக்கும், அதை டாக்டரம்மா செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்பார்கள், பிரித்துப் பார்க்கக் கூடாது. பொன்னுச்சாமி மூன்றாவது பொருளிலேயே பின்வாங்கி மதிலோரம் போய் நின்றுகொண்டார். வாத்தியார்தான் விசயத்தைச் சொன்னார். ஐந்து மாவட்டத்து ஆஸ்பத்திரிகளிலிருந்து இந்தமாதிரிப் பைகளை லாரியில் கொண்டுவந்து எரிக்க ஒரு கம்பெனி ஆலை கட்டப்போகிறது. சேந்தனேரிக் கண்மாய்க்கு மேற்கே இடம் பார்த்திருக்கிறார்கள். குப்பை எரிக்கிற மிஷின் என்று சொன்னால் ஊரில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. விளங்குகிறமாதிரி சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

"நீ சொன்னா சனம் கேக்கும்" என்றார் பொன்னுச்சாமி, துண்டுக்குள்ளிருந்து.

அது இரண்டாயிரத்து ஏழாம் வருசம், பங்குனி. சேந்தனேரியில் களம் பூராவும் முண்டு மிளகாய் வத்தல் காய்ந்துகொண்டிருந்த நேரம். கடலாடியிலிருந்து கடல் பக்கமாகப் போகிற ரோட்டில் இருந்தது அந்த ஊர். மழையை நம்பி நெல்லும் மிளகாயும் போடுகிற ஊர். மழை ஏமாற்றினாலும் மிளகாய் ஏதோ கொஞ்சம் கொடுத்துவிடும். பூமயில் இருந்த கீழக்காடு அதே ஊராட்சியில் சேர்ந்தது, ஆனால் இரண்டரை மைல் கிழக்கே, மண் வெளுத்து உவர் பூக்க ஆரம்பிக்கிற இடத்தில் இருந்தது. இருபத்திரண்டு வீடுகள். கூத்தையாவின் அப்பன் காலத்தில் கருவை மரம் வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்க வந்தவர்கள் அப்படியே தங்கிவிட்டார்கள். யாருக்கும் பட்டா கிடையாது. ரேஷனுக்கும் ஓட்டுக்கும் சேந்தனேரி. குடிதண்ணீருக்கும் சேந்தனேரிக் கண்மாயை ஒட்டிய ஊருணிதான். குடத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் எடுத்துவர வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சேந்தனேரிப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பந்தல் போட்டு, மைக் வைத்து, அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பேசினாள். பேசினாள் என்று சொல்வதைவிட, டிரம்மண்டை பொன்னுச்சாமியிடம் சொன்னதையே திரும்பச் சொன்னாள். எரியும்போது டியூப் உருகி ஒருமாதிரி இனிப்பு வாசம் வரும், அன்றைக்குச் சோறு இறங்காது என்றாள். மாசத்துக்கு இரண்டு தடவையாவது ஊசி குத்திவிடும் என்று இடதுகைப் பெருவிரலைக் காட்டினாள். பெண்கள் பக்கம் முன்வரிசையில் இருந்த ராமலெட்சுமி, பொன்னுச்சாமியின் மனைவி, திடீரென்று கேட்டாள்:

"எம் மக அங்கனதான பெத்தா. அந்தக் கொடியும் அந்த டிரம்முலதான் போச்சா?"

பூமயில் அவள் பக்கம் திரும்பினாள். "ஆமாம்மா. நாந்தான் போட்டேன்" என்றாள்.

அதற்குப் பிறகு யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மூன்று மாதம் ஊர் ஒரே குரலாக இருந்தது. வீட்டுக்கு வீடு கறுப்புக்கொடி கட்டினார்கள். கடலாடி ரோட்டில் கட்டை போட்டு உட்கார்ந்தார்கள். பந்தல் பள்ளிக்கூடத்து முன்னாலேயே நிரந்தரமாகிவிட்டது. தினமும் காலையில் ஒரு தெருவார் வந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்க வேண்டும் என்று முறை வைத்தார்கள். கீழக்காட்டுக்கும் ஒரு முறை வந்தது. பெண்கள் சொந்தக் கேனில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய், முதல்நாள் பந்தலுக்கு வெளியே கருவை நிழலில்தான் உட்கார்ந்தார்கள். பிறகு பந்தல் ஓரத்துக்கு வந்தார்கள். சித்திரையில் ஒரு நாள் கோடைமழை சடசடவென்று இறங்கியபோது எல்லோரும் உள்ளே ஒண்ட வேண்டியதாகிவிட்டது. பூமயிலின் பக்கத்து வீட்டுக்காரி ராக்கு, ராமலெட்சுமியின் தோளோடு தோள் இடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றாள். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ராக்கு அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பூமயில் சிரிக்கவில்லை, ஆனால் அவளுக்குள்ளும் ஏதோ இளகியிருந்தது. இத்தனை வருசம் பையைக் கட்டிக் கட்டி நாறிப்போன தன் கைக்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது என்று நினைத்தாள். அந்த நினைப்பு வேலைக்கு நடுவிலும் வந்து வந்து போயிற்று.

மனுவை எழுதியவர் மருதுபாண்டி வாத்தியார். அவருக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கலெக்டர் ஆபீசில் எந்த வார்த்தை செல்லும் எது செல்லாது என்று தெரிந்தவர். ஒரு சாயங்காலம் மைக்கில் நின்று மனுவை வாசித்தார். காற்று, தண்ணீர், மிளகாய் விவசாயம், பள்ளிப் பிள்ளைகள் என்று வரிசையாக வந்தது. நடுவில் 'மருத்துவமனைப் பணியாளர் ஒருவரின் நேரடி அனுபவத்தின்படி' என்று ஒரு வரி வந்தபோது பெண்கள் எல்லோரும் பூமயிலைத் திரும்பிப் பார்த்தார்கள். வாசித்து முடித்ததும் கோடு போட்ட தாள்கள் நான்கை அவளிடம் கொடுத்தார். வரிசை எண், பெயர், கையெழுத்து, ஊர் என்று கட்டம் போட்டிருந்தது.

"கீழக்காட்ட நீ பாத்துக்கம்மா. நீ கேட்டாத்தான் போடுவாக."

அவள் ஐந்தாவது வரை படித்தவள். ஒவ்வொரு வீடாகப் போய், பேரை அவளே எழுதி, எழுதத் தெரிந்தவர்களிடம் கையெழுத்தும் தெரியாதவர்களிடம் ரேகையும் வாங்கினாள். கூத்தையாதான் கடைசிவரை மசியவில்லை. மூட்டத்தில் மண் அணைத்துக்கொண்டே, "அவுக நெலத்துக்கு அவுக சண்ட போடுறாக. நமக்கென்ன அங்கன வயக்காடா இருக்கு" என்றான்.

"குடிக்கிற தண்ணி அங்கனதான இருக்கு."

"அந்தத் தண்ணிய எந்தப் படியில எறங்கி மோக்குறோம்னு பாத்தியா?"

ஊருணிக்கு மூன்று படித்துறை. கீழக்காட்டுக்காரர்கள் தெற்குப் படிதான். அவள் மைப் பெட்டியைத் திறந்து நீட்டிக்கொண்டே நின்றாள். கரி அப்பிய பெருவிரலுக்கு மை தேவைப்படவில்லை. அப்படியே தாளில் அழுத்திவிட்டு மூட்டத்துக்குத் திரும்பிவிட்டான். அவனோடு சேர்த்து நாற்பத்தொன்று. நாற்பத்தொரு தடவை அவள் கடைசிக் கட்டத்தில் 'கீழக்காடு' என்று எழுதினாள்.

கருத்துக் கேட்புக் கூட்டம் கடலாடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் மணமக்கள் உட்காருகிற இடத்தில் மூன்று அதிகாரிகள். கம்பெனிக்காரர், சின்ன வயசு, நன்றாகவே பேசினார். திரையில் படம் காட்டினார். ஆயிரத்து இருநூறு டிகிரி சூடு, புகையே தெரியாது, ஆஸ்பத்திரியிலேயே மஞ்சள், சிவப்பு, நீலம் என்று தரம் பிரித்துக் கொடுப்பதைத்தான் எரிப்போம், பிளாஸ்டிக் உள்ளே போகவே போகாது என்றார். பொன்னுச்சாமி எழுந்து கத்தினார். வாத்தியார் எழுந்து சட்டம் பேசினார். அதிகாரிகள் குறித்துக்கொண்டார்கள். பிறகு பூமயில் கையைத் தூக்கினாள்.

"தரம் பிரிக்கிறதுன்னு சொன்னாகளே, அத நாந்தாங்கய்யா பிரிக்கிறேன்" என்றாள். மைக் வாய்க்கு மிகக் கிட்டத்தில் இருந்ததால் அவள் மூச்சுச் சத்தமும் கேட்டது. "ஒம்பது வருசமாப் பிரிக்கிறேன். செவப்புப் பை தீந்துபோனா மஞ்சப் பையில போடுவோம். மஞ்சப் பையும் தீந்துபோனா உரச்சாக்குல கட்டுவோம். பை எப்ப வரும்னு கேட்டா, வரும்பாக. டியூப்பு, சிரிஞ்சு, சாப்பாட்டு இலை எல்லாம் ஒண்ணாத்தான் போகும். ஒங்க மிஷினுக்கு அது எப்படிங்கய்யா தெரியும்?"

மண்டபத்தில் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நடுவில் இருந்த அதிகாரி, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். அவள் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்பது பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. மறுநாள் காலை நர்சிங் ஹோம் வாசலில் மேனேஜர் அவளை உள்ளே விடவில்லை. திட்டவும் இல்லை. "நாளையிலேர்ந்து வேற ஆளு வருதும்மா" என்று, அன்றைக்கே வேறு ஆள் உள்ளே கூட்டிக்கொண்டிருக்கும்போது சொன்னார். அவள் பூட்டி வைத்திருந்த டிபன் பாக்ஸையும் செருப்பையும் ஒரு நர்ஸ் பெண் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. வழக்கமான பஸ்ஸுக்கு வழக்கமான நேரத்தில் புறப்பட்டு, பந்தலில் வந்து உட்கார்ந்துகொண்டாள். மூன்றாம் நாள் ராமலெட்சுமி கண்டுபிடித்துப் புருசனிடம் சொன்னாள். "நாங்கள்லாம் இல்லையா, எதுக்குத்தா கவலப்படுற" என்றார் பொன்னுச்சாமி. அப்படிச் சொல்லும்போது அவர் கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது. அதைப் பிற்பாடு எத்தனையோ தடவை அவள் நினைத்துப் பார்த்தாள். அது நடிப்பு என்று ஒரு தடவைகூட அவளால் முடிவுகட்ட முடியவில்லை.

ஆடி மாதம் கடிதம் வந்தது. பொதுமக்களின் எதிர்ப்பைக் கருதி மேற்படி இடம் கைவிடப்படுகிறது. சேந்தனேரியில் வெடி போட்டார்கள். கோயில் முன்னால் பெரிய அண்டாவில் சர்க்கரைப் பொங்கல். பூமயிலுக்குச் சால்வை போர்த்தினார்கள். பொன்னுச்சாமி சால்வையை ராமலெட்சுமி கையில் கொடுத்து, ராமலெட்சுமி போர்த்தினாள். கீழக்காட்டுப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். இலையில் வாங்கிய பொங்கல் சூட்டில் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு ராக்கு, "ஏத்தா, ஒனக்கு ஒரு சிலை வைக்கச் சொல்லணும்" என்றாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பூமயில் கூத்தையாவிடம், "பாத்தியா" என்று மட்டும் சொன்னாள். அவனும், "சரி சரி" என்று சிரித்தான்.

ஆவணி கடைசியில் கீழக்காட்டுக்கு ஒரு ஜீப் வந்தது. சர்வேயர் ஒருவர், சங்கிலி பிடிக்க இரண்டு பேர், பின்னாலேயே ஒரு டிராக்டரில் கல். மஞ்சள் பூசிய கல்லை ஒவ்வொன்றாக இறக்கி நட்டுக்கொண்டே வந்தார்கள். ஒரு கல் ராக்குவின் ஆட்டுக்கொட்டிலுக்கு நாலு எட்டு இந்தப் பக்கம் விழுந்தது. ஆம்பளைகள் கருவை வெட்டப் போயிருந்தார்கள். பெண்கள் பூமயிலைத்தான் முன்னால் தள்ளினார்கள். ஆபீசரிடம் பேசிப் பழகியவள் அவள்தான்.

சர்வேயர் நல்ல மனிதர். ஜீப் நிழலில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கப் போனவர், அவள் கேட்டதும் மூடி வைத்துவிட்டார். ஆஸ்பத்திரிக் கழிவு ஆலைக்கு இடம் அளக்கிறோம் என்றார். அது வேண்டாமென்று ஆகிவிட்டதே என்றாள் பூமயில். "அங்கதான் வேண்டாம்னு ஆச்சு. இதுதான் மாற்று இடம். உங்க ஊர்க்காரங்களே எழுதிக் கொடுத்ததும்மா." அவள் நம்பாமல் நிற்பதைப் பார்த்து ஜீப்பிலிருந்து பைலை எடுத்து, ஜெராக்ஸ் தாள்களைப் புரட்டி ஒரு இடத்தில் விரல் வைத்து நீட்டினார்.

முத்து முத்தான எழுத்து என்பதால் படிக்கக் கஷ்டமில்லை. ஆனாலும் அவள் எழுத்துக்கூட்டித்தான் படித்தாள். 'மேற்படி ஆலைக்கு மாற்று இடமாக, எங்கள் ஊராட்சிக்குட்பட்ட கீழக்காடு உவர்நிலப் புறம்போக்கில், விவசாயத்துக்குப் பயன்படாததும் குடியிருப்பு ஏதும் இல்லாததுமான இருபது ஏக்கர் நிலம் உள்ளது என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறோம்.' மூன்றாம் பக்கம். பந்தலில் மைக் முன்னால் நின்று வாத்தியார் தாளைத் திருப்பியது அவளுக்கு ஞாபகம் வந்தது. எத்தனை தடவை திருப்பினார் என்பது ஞாபகம் வரவில்லை. அடுத்த தாளைப் புரட்டினாள். அவளுடைய நாலு தாள்கள். கோணல்மாணலாக அவள் எழுதிய பேர்கள், கூத்தையாவின் கரி ரேகை, கடைசிக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை கீழக்காடு, கீழக்காடு, கீழக்காடு.

"இங்கன பாருங்கய்யா. ஊர்னு போட்டு கீழக்காடுன்னு எழுதியிருக்குல்ல. நாப்பத்தியொரு பேரு. ஊரு இல்லாமலா கையெழுத்துப் போட்டிருக்கு?"

சர்வேயர் குனிந்து பார்த்தார். அவர் அதுவரை அதைக் கவனித்திருக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. "கையெழுத்துத் தாள எல்லாம் யாரும்மா படிக்கிறா. எண்ணுவாங்க, அவ்வளவுதான்" என்றார். பைலை வாங்கி மூடிக்கொண்டே, "எங்கிட்ட இருக்கிற வரைபடத்துலயும் இங்க வீடு இல்லம்மா" என்றார். அப்படிச் சொன்னபோது ராக்குவின் வீட்டுக் கூரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அவரும் அதைப் பார்த்தார். சாப்பிடாமலே வேலையைத் தொடர்ந்தார்.

அன்றைக்கே மூன்று மணி வெயிலில் பூமயில் சேந்தனேரிக்கு நடந்தாள். பள்ளிக்கூடம் விடும்வரை கேட்டருகில் நின்றாள். பந்தல் பிரித்த இடத்தில் குழிகள் மூடப்படாமல் இருந்தன. மருதுபாண்டி வாத்தியார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர் அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அவருக்கும் தெரிந்திருந்தது, என்றைக்காவது வருவாள் என்று.

"சும்மா வேண்டாம்னு எழுதுனா பைல் நகராதும்மா. மாற்று இடம் காட்டுனாத்தான் எடுத்துக்கிருவாகன்னு கலெக்டர் ஆபீசுலயே ஒருத்தர் சொன்னாரு. கெடு ஒருநாள்தான் இருந்துச்சு. பொன்னுச்சாமி அண்ணன்தான் அந்த எடத்தச் சொன்னாரு. எப்பிடியும் கம்பெனிக்காரன் அங்கன வர மாட்டான், பேருக்கு எழுதுவோம்னு நெனச்சேன்."

"குடியிருப்பு இல்லைன்னு எழுதியிருக்கீகளே சார்."

"ரெக்கார்டுல இல்ல. ரெக்கார்டுல இருக்கிறத்தான எழுத முடியும்."

"போன வருசம் எலெக்சனுக்கு முன்னால ஓட்டர் லிஸ்டு சரி பாக்க வந்தீக. எங்க வீட்டு நெலையில சாக்பீஸால நம்பர் எழுதுனது நீங்கதான். வெயிலா இருக்குன்னு மோர் கேட்டீக. குடிச்சீக."

வாத்தியார் சைக்கிள் பெல்லின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அவரைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடின. "நான் வாசிக்கும்போது நீ கேட்டிருக்கலாம்ல" என்றார் கடைசியில், தணிந்த குரலில், அவருக்கே கேட்கக் கூடாது என்பதுபோல.

"நீங்க அத வாசிச்சீகளா சார்?"

அவர் சைக்கிளில் ஏறிக்கொண்டார். ஏறும்போது இரண்டு தடவை பெடல் தவறியது.

பொன்னுச்சாமி இந்த அளவுக்குக் கூச்சப்படவில்லை. களத்தில் நின்றுகொண்டே பேசினார். அங்கே வந்தால் உங்களுக்கு நல்லதுதான் என்றார். கரி மூட்டத்தில் நெஞ்சு வெந்து சாவதற்குப் பதில் ஆளுக்கொரு வேலை. கம்பெனிக்காரனிடம் பேசிவிட்டேன், கீழக்காட்டு ஆளுகளுக்குத்தான் முதலில் என்று. "ஒனக்கு இந்த வேலை அத்துப்படி. ஒன்னயத்தான் மேஸ்திரி மாதிரி போடச் சொல்லியிருக்கேன்." அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். புகை கெடுதி என்று இதே வாயால்தான் மைக்கில் கத்தினார். அதை அவள் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டு அவர் களத்தில் நிற்க அவளுக்கு இஷ்டமில்லை. வீட்டுக்குள்ளிருந்து ராமலெட்சுமி ஜன்னல் வழியாகப் பார்த்தது தெரிந்தது. வெளியே வரவில்லை.

பூமயில் தானாகவே ஒரு மனு எழுதினாள். இரண்டு இரவும் மூன்று பகலும் ஆயிற்று. எழுத்துப் பிழை இருக்கும் என்று தெரியும். திங்கட்கிழமை மனுநாளுக்கு ராமநாதபுரம் போனாள். கூத்தையாவும் ராக்குவும் கூட இன்னும் ஐந்து பேரும் வந்தார்கள். சேந்தனேரியிலிருந்து யாராவது வருவார்கள் என்று கடலாடி பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டுக் காத்திருந்தாள். ஒருத்தரும் வரவில்லை. பந்தலில் அவளோடு பல நாள் உட்கார்ந்த சேந்தனேரிப் பஞ்சம்மாள் அங்கே சந்தைக்குப் போகக் காத்திருந்தவள், பூமயிலைப் பார்த்ததும் கூடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டின் அந்தக் கோடிக்குப் போய்விட்டாள்.

மனு வாங்கிய அதிகாரி பொறுமையாகவே வாசித்தார். பிறகு பக்கத்திலிருந்த கிளார்க்கிடம் பழைய பைலைக் கேட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இந்தக் கையெழுத்து உங்களுதுதானே?"

"ஆமாங்கய்யா."

"இதுவும் உங்களுதுதானே? நாலு மாசத்துக்கு முன்னால இடம் இருக்குன்னு நீங்களே கையெழுத்து வாங்கிக் குடுத்திருக்கீங்க. இப்ப வேண்டாங்குறீங்க. நாங்க எத வச்சும்மா முடிவு பண்றது?"

அவள் விளக்க முயன்றாள். கல்யாண மண்டபத்தில் வந்ததுபோல் வார்த்தை வரவில்லை. மூன்றாம் பக்கம், மைக், நாலு தாள் என்று ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சொன்னாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. சக்கர நாற்காலியில் ஒருவர், கைக்குழந்தையோடு ஒருத்தி. அதிகாரி மனுவில் சீல் வைத்து, 'உரிய நடவடிக்கைக்கு' என்று எழுதி, ரசீதைக் கிழித்துக் கொடுத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் ராக்கு அவளுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. இறங்கி நடக்கும்போதுதான் பேசினாள். "ஒன்ன நம்பித்தான நாட்டு வச்சோம்" என்றாள். நாட்டு என்றால் கைநாட்டு. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கூத்தையா அதுவும் சொல்லவில்லை. நான் அப்போதே சொன்னேன் என்று ஒரு வார்த்தை அவன் சொல்லியிருந்தால் அவளால் சண்டையாவது போட்டிருக்க முடியும். அவன் அன்றைக்கும் அதற்குப் பிறகும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டான், மூட்டத்துக்குப் போனான்.

ஐப்பசியில் இருபது ஏக்கரையும் ஜே.சி.பி. வழித்தது. வேரோடு பிடுங்கிய கருவையைக் கம்பெனி கீழக்காட்டுக்காரர்களுக்கே விட்டுக்கொடுத்தது, எடுத்துக்கொண்டு போங்கள் என்று. வெட்டுக்கூலி மிச்சம். அந்த வருசம்போல் அவர்கள் என்றைக்கும் கரி எடுத்ததில்லை. வீட்டுக்கு இரண்டு மூட்டம், மூன்று மூட்டம் என்று வரிசையாகப் புகைந்தது. கூத்தையாவும் போட்டான். பூமயில் தண்ணீர் சுமந்து கொடுத்தாள். அந்தக் கரி தீர்ந்தபோது வெட்டுவதற்குப் பக்கத்தில் மரமில்லை. ஏழு குடும்பம் சாயல்குடிப் பக்கம் போய்விட்டது. மீதி இருந்தவர்களில் ஆம்பளைகள் ஆலைச் சுவர் எழுப்பும் வேலைக்கு, செங்கல் சுமக்க, போக ஆரம்பித்தார்கள். முதலில் இரண்டு பேர். தை பிறப்பதற்குள் எல்லோரும். கூத்தையா கடைசியாகப் போனான். முதல்நாள் போகும்போது வாசலில் நின்று அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் பழைய சோற்றுத் தூக்கை எடுத்து நீட்டினாள்.

கம்பெனி ஆள் ஒருவர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து போனார். கல்யாண மண்டபத்தில் பேசிய அதே சின்ன வயசுக்காரர். அன்றைக்கு நீங்கள் கேட்ட கேள்வி சரியான கேள்வி, உங்களைப்போல் ஆள்தான் எங்களுக்கு வேண்டும் என்றார். பரிகாசமாகச் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினாள். ராக்கு ஏற்கெனவே வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டாள். பையை எப்படிக் கட்ட வேண்டும், ஊசி குத்தாமல் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று ராக்கு வந்து கேட்டபோது, பூமயில் ஒரு பழைய தலையணை உறையை எடுத்து வாயை முறுக்கிக் காட்டிக் கொடுத்தாள். பல மாதத்துக்குப் பிறகு இருவரும் அன்றைக்குத்தான் ஒரு இடத்தில் உட்கார்ந்தார்கள்.

மாசியில் ஒரு காலை, பத்து மணி இருக்கும், முதல் லாரி வந்தது. ஆலைக்கு இன்னும் போர்டு வைக்கவில்லை. ரோட்டிலிருந்து பிரியும் மண்பாதையும் இரண்டாகக் கிடந்தது. டிரைவர் பூமயிலின் வீட்டருகில் நிறுத்தி இறங்கினான். வெளியூர்க்காரன், ராத்திரியெல்லாம் ஓட்டி வந்த முகம். குடிக்கத் தண்ணீர் கேட்டான். அவள் செம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணாந்து குடித்துவிட்டு மீதியில் முகம் கழுவினான்.

"இங்க வீடே இருக்காதுன்னு சொன்னாங்க. நீங்க இருந்தது நல்லதாப் போச்சுக்கா. கம்பெனிக்கு எந்தப் பக்கம்?"

அவள் கையைத் தூக்கி வலதுபக்கப் பாதையைக் காட்டினாள்.

அவன் செம்பைத் திண்டில் வைத்துவிட்டு, டயரைக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டு லாரியைச் சுற்றி வந்தான். தார்ப்பாய் போர்த்திய பின்பலகையின் ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக ஏதோ மண்ணில் விழுந்துகொண்டிருந்தது. வெளுத்த மண்ணில் அந்த இடம் மட்டும் கறுத்துக் கைஅகலத்துக்கு நனைந்திருந்தது. ராக்குவின் கோழிகள் நாலைந்து எங்கிருந்தோ ஓடிவந்து அதைச் சுற்றி நின்று கொத்த ஆரம்பித்தன. பூமயில் சூ என்று கையை வீசினாள். இறக்கையடித்து விலகின. லாரி புறப்பட்டு, வலதுபக்கம் திரும்பி, தான் போன தடமெல்லாம் ஒரு ஈரக்கோடு விட்டுக்கொண்டு மெதுவாகப் போயிற்று. கோழிகள் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கொத்திக்கொண்டே நகர்ந்தன. அவள் ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தாள். சிதறி ஓடின. அவள் கை தாழ்ந்ததும் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து கொத்தின.